பத்துப் பேருக்கு ஒரு குப்பி

கொரோனாவின் இரண்டாம் வருஷம், சவூதியிலிருந்து லீவில் வந்து ஊரில் மாட்டிக்கொண்டேன். விசா முடிய நான்கே வாரம் இருந்தது. இரண்டாவது ஊசி போட்டு இரண்டு வாரம் கழிந்தால்தான் விமானத்தில் ஏற்றுவார்கள். அருப்புக்கோட்டையில் மூன்று நாள் வரிசையில் நின்றேன். மூன்று நாளும் என் முறை வருவதற்குள் டோக்கன் தீர்ந்துபோனது. மிச்சம், எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் செவ்வாய்தோறும் நடக்கும் முகாம்தான்.

அங்கே கூட்டமே இல்லை. அதுதான் வில்லங்கம்.

"ஒரு குப்பியில பத்துப் பேருக்கு மருந்து இருக்கு தம்பி. தொறந்தா நாலு மணி நேரத்துல தீத்துறணும், மிஞ்சுனா கீழதான் ஊத்தணும். பத்துப் பேரு சேராம தொறக்கக் கூடாது. அடுத்த செவ்வா ஒம்பது பேரக் கூட்டிட்டு வாங்க" என்றார் நர்ஸம்மா.

விதியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மருந்து வீணாகக் கூடாது. ஆனால் அந்த விதியை எழுதியவர், எங்கள் ஊரில் பத்துப் பேரை ஒரே அறையில் உட்காரவைத்துப் பார்த்தவர் இல்லை. அடுத்த செவ்வாய் தப்பினால் விசா போய்விடும். வீடு வீடாக இறங்கினேன்.

பருத்திக்காட்டு மாமா, "மழை பெய்யட்டும் மாப்ள, போட்டுக்கிருவோம்" என்றார். எங்கள் பக்கத்தில் மழைக்குப் பிறகு என்றால் மாட்டேன் என்று அர்த்தம். அவருக்கு ஒரு கோடாலித் தைலம் கொடுத்தேன். மழைக்கு முன்னாலேயே போட்டுக்கொள்ளலாம் என்று அவருக்கே தோன்றிவிட்டது. அவர் மனைவிக்கு இன்னொன்று.

ஊர்ப் பெரியவர் ஒருவர் ஊசி என்றாலே எழுந்து போய்விடுவார். "சரிங்கய்யா, அப்ப மொத ஊசி கீழத்தெருக்காரவுகளுக்கு" என்றேன். "யாரைக் கேட்டு?" என்று பாய்ந்தார். கோயிலில் முதல் மரியாதை அவர் குடும்பத்துக்கு. சாவுக்குப் பயந்தவர், அந்த மரியாதைக்காகச் சாகவும் தயாராகிவிட்டார்.

வரப்புத் தகராறில் பேசாமலிருந்த அண்ணன் தம்பி இருவர். "அவன் உக்காந்த எடத்துல நான் உக்கார மாட்டேன்" என்றார் தம்பி. ஆறடி தள்ளித்தான் உட்காரவைப்பார்கள், அரசாங்க உத்தரவு என்றேன். எட்டடி கேட்டார். நோய் வந்த நாளிலிருந்து ஒருவரும் மதிக்காத இடைவெளி விதியை முழு மனதோடு ஏற்றுக்கொண்டவர்கள் அவர்கள் இருவரும்தான்.

இப்படி ஒன்பது தலை தேறியது. தேறாத ஒரே ஆள் என் அம்மா. என்னைப் பெற்ற அத்தா இறந்தபின் தனியாக இருப்பவள். "நான் எங்க போறேன், எனக்கு எதுக்கு ஊசி?" என்பாள். செவ்வாய் காலையில் எனக்குக் கோபமே வந்துவிட்டது. "நீ போடாம இருந்தா, நான் அங்க போயி எப்படிம்மா நிம்மதியா இருப்பேன்?" என்று கத்திவிட்டுக் கிளம்பினேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

பத்துப் பேரும் சேர்ந்தோம். குப்பி திறந்தது. பெரியவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு முதல் மரியாதையை வாங்கிக்கொண்டார். யாரும் நழுவிவிடக் கூடாதென்று நான் வாசலை மறித்துக் கடைசி ஆளாக நின்றேன். ஒன்பது பேருக்கும் முடிந்தது. எனக்கிருந்த சந்தோஷத்தில் சட்டைக் கையை மடக்கியபடியே திரும்பினால், ஆதார் அட்டையைப் பிடித்துக்கொண்டு அம்மா வருகிறாள்.

நர்ஸம்மா என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒண்ணுதான் இருக்கு. அறுவது தாண்டுனவுகளுக்குத்தான் மொதல்ல போடணும்னு உத்தரவு..." என்று என் காதோடு இழுத்தார்.

அந்த ஒரு வாரமும் அரசாங்க விதி ஒரு பக்கமும் ஊர் வழக்கம் ஒரு பக்கமும் இழுத்ததை நான்தான் ஒட்டுப்போட்டுக்கொண்டிருந்தேன். அந்த நிமிஷம் இரண்டும் ஒரே பக்கம் சேர்ந்து நின்றன. பெற்றவளைத் தள்ளிவிட்டு நான் போட்டுக்கொள்வதா? "அம்மாவுக்கே போடுங்க" என்றேன். மடக்கிய சட்டைக் கையை இறக்கிவிட்டேன்.

குப்பி காலியான விஷயம் அவளுக்குத் தெரியாது. பஞ்சை அழுத்திக்கொண்டே வெளியே வந்தாள்.

"போட்டாச்சுப்பா. இனி என்னையப் பத்திக் கவலப்படாம நிம்மதியாப் போயிட்டு வா."

வீட்டுக்கு வந்ததும் என் பெட்டிக்கு ஊறுகாய் கட்ட ஆரம்பித்தாள். நான் கயிற்றைப் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.