நாலு டயருக்கும் நாற்பது

சூரமங்கலத்தில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள் கௌசியா. வயது இருபத்தேழு. வாரத்தில் ஆறு நாள், காலடியில் தனக்கென்று வைத்திருக்கும் இன்னொரு பிரேக்கை மிதித்தபடி, ரயில்வே ஊழியர்களையும் கல்யாணம் நிச்சயமான பெண்களையும் பார்த்து "மெதுவா, மெதுவா" என்று சொல்லுவாள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் மண் பாதைப் பந்தயம். அந்த ஸ்கூலிலேயே கழித்துப்போட்ட சின்ன காரை வாங்கி, பின் சீட்டைப் பிடுங்கி எறிந்துவிட்டு, நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் உள்ளே இரும்புக் குழாய் வைத்துப் பற்றவைத்திருந்தாள்.

அன்றைய பந்தயம் நாமக்கல்லுக்குச் சற்று வடக்கே, கோழிப்பண்ணைக்காரர் ஒருவரின் தரிசுக் காட்டில் நடந்தது. காரை ஒவ்வொன்றாகத்தான் விடுவார்கள். போட்டி கடிகாரத்தோடு. புதியவர் பிரிவில் மூன்று வருடம் மட்டுமே ஓடலாம். அதில் முதல் மூன்று இடம் பிடிப்பவர்களுக்குக் கோவையில் மாநிலச் சுற்று. கௌசியாவுக்கு இது மூன்றாவது வருடம். தவறினால் பெரிய வண்டிகளின் பிரிவுக்குப் போக வேண்டும். இந்தக் காரை வைத்துக்கொண்டு அங்கே வேடிக்கைதான் பார்க்க முடியும்.

காலைச் சுற்றில் இரண்டாவதாக வந்தாள். மதியம் தொழுதுவிட்டு, கூடாரத்தில் ஓட்டுநர்களுக்கான கூட்டத்தை முடித்துக்கொண்டு வந்தபோது, முன்னால் ஓட வேண்டிய இரண்டு வண்டிகள் பழுதாகி ஒதுங்கிவிட, அவள் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். ஓடிப்போய் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஏறினாள்.

முதல் வளைவிலேயே வண்டி அவள் பேச்சைக் கேட்கவில்லை. சோளத்தைக் கொட்டி வைத்த தரையில் ஓடுகிற மாதிரி நாலு சக்கரமும் வழுக்கின. ஸ்டீயரிங்கை இந்தப் பக்கம் திருப்பினால் வண்டி அந்தப் பக்கம் போனது. மூன்றாவது வளைவில் பழைய டயர் அடுக்கின் மேல் இடித்து, அரைச் சுற்று சுற்றி நின்று, மறுபடி கிளம்பினாள்.

இரண்டு சுற்று நேரத்தையும் கூட்டியதில் நான்காவது இடம். மூன்றாவதாக வந்தவனுக்கும் அவளுக்கும் அரை வினாடிகூட வித்தியாசமில்லை.

இறங்கியதும் காற்று அளக்கும் மீட்டரை எடுத்து டயரில் வைத்தாள். நாற்பது. அடுத்ததிலும் நாற்பது. நாலிலும் நாற்பது. மண்ணில் டயர் தளர்ந்து இருந்தால்தான் பிடிக்கும் என்று காலையில் அவளே உட்கார்ந்து இருபத்திரண்டாக இறக்கி வைத்தது.

ஓடுவதற்கு முன் ஒரு தடவை பார்த்தாளா? பார்க்கவில்லை. அந்த எரிச்சலும் சேர்ந்துகொள்ள, மூன்றாவதாக வந்திருந்த கலைமணியிடம் நேராகப் போனாள். திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் ரிக் வண்டிக்காரர் வீட்டுப் பையன்.

"ஏன்டா, என் டயர்ல கைய வெச்சியா?"

"ஏனுங்க, நான் எதுக்குங்க உங்க டயர்ல கைய வெக்கறேன்?"

"மத்தியானம் என் வண்டிகிட்ட குனிஞ்சு நின்னியே. கூடாரத்துக்குள்ள போறப்போ பாத்தேன்."

"குனிஞ்சனுங்க. காலையில என்னைய முந்துனீங்களே, எத்தன காத்து வெச்சிருக்கீங்கன்னு கண்ணுல பாக்கலாம்னு வந்தனுங்க. தொடவேயில்லீங்க."

"பாக்க வந்தவன் போறப்போ நாப்பது ஏத்திட்டுப் போனியா? பொம்பள முந்திட்டாளேன்னு தூக்கம் வராதோ?"

அவன் கூட்டாளி ஒருவன் குறுக்கே வந்தான். "அக்கா, இவனுக்குப் பூமியில ஓட்டை போடத்தானுங்க தெரியும். காத்தடிக்கத் தெரியாதுங்க."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவளுக்கு உச்சந்தலையில் ஏறியது. நடுவர் பாலசுந்தரத்திடம் போய், பேனா தாளைக் கிழிக்கிற அழுத்தத்தில் புகார் எழுதிக் கொடுத்தாள்.

அவர் இரண்டு தடவை படித்தார். "அனுமதியில்லாம அடுத்தவங்க வண்டிகிட்ட போனதே தப்பு. அதை அவரே ஒத்துக்கறாரு. நாலு மணிக்கு விசாரிக்கறேன்மா. அவரை நீக்கினா மூணாவது இடம் உங்களுக்குத்தான்."

மணி மூன்றரை. வேலியோரம் நின்றிருந்த முட்டை லாரி அப்போதுதான் கண்ணில் பட்டது. அதன் நிழலில் அவள் அத்தா சைபுல்லாவும், லாரி டிரைவர் சென்றாயனும் சுண்டல் தின்றுகொண்டிருந்தார்கள். அத்தாவுக்குச் சேலத்தில் பஞ்சர் கடை. முப்பது வருடமாக லாரி டயர்களோடு பழக்கம். மகள் ஓட்டுவதைப் பார்க்க இதுவரை வந்ததில்லை.

"எப்பத்தா வந்தீங்க?"

"மத்தியானமே வந்துட்டேன். நீ கூடாரத்துல இருந்த, தொந்தரவு பண்ண வேணாம்னு விட்டுட்டேன். நல்லாத்தான் ஓட்டுன. மண்ணு மோசம், வழுக்கிருச்சு."

"மண்ணு மோசமில்ல. எவனோ டயர்ல காத்த ஏத்திட்டான்."

சைபுல்லா சிரித்தார். "எவனோ இல்ல பாப்பா, நான்தான். இரும்புத் தடியால தட்டிப் பாத்தேன், நாலும் செத்த சத்தம். பஞ்சர் கடைக்காரன் மக சப்பை டயரோட ஓட்டுனான்னு நாலு பேரு பேசணுமா? சென்றாயன் லாரியில பிரேக்குக்கு இருக்கற காத்துலருந்து ஓஸ் இழுத்து ஏத்தினேன். லாரிக்கு நூத்திருபது வெக்கறவன், சின்ன வண்டின்னு நாப்பதோட நிறுத்திட்டேன்."

அந்தப் பெருமைதான் அவளைக் கொன்றது.

"யாருத்தா உங்களக் கேட்டா? நான் வேணும்னே எறக்கி வெச்சது அது! கேக்க வாய் இல்லையா? அதோ அங்கதானே இருந்தேன்!"

அவர் சுண்டல் பொட்டலத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். சென்றாயன்தான் பேசினார். "விடு பாப்பா. அந்தப் பையன் மேல எழுதிக் குடுத்திருக்கியாமே, மைக் பக்கம் பேசிக்கிட்டாங்க. அவனும் குனிஞ்சது நெசம்தான். நாம மூணு பேரும் வாய மூடிக்கிட்டா கோயமுத்தூரு உனக்கு."

அத்தாவைப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்வார் என எதிர்பார்த்தாள். அவர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் தவறு அப்படியாவது சரியாகிவிடாதா என்கிற நப்பாசை அந்த முகத்தில் இருந்தது. அதைப் பார்க்கத்தான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

விறுவிறுவென்று நடுவர் மேசைக்கு வந்தாள். கலைமணி அங்கே கைகட்டி நின்றிருந்தான்.

"அந்தத் தாளைக் குடுங்க சார். காத்து ஏத்தினது எங்கத்தா."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவள் திரும்பினாள். "சிரிங்க. நல்லா சிரிங்க." பிறகு கலைமணியிடம், "எல்லாரு முன்னாடியும் திட்டினேன். எல்லாரு முன்னாடியும் கேக்கறேன். மன்னிச்சுக்க. இன்னொரு தடவ என் வண்டிகிட்ட குனிஞ்சீன்னா பல்லு இருக்காது."

"இது மன்னிப்புங்களா, மெரட்டலுங்களா?"

"ரெண்டும்."

பாலசுந்தரம் தாளை அவளிடம் நீட்டிவிட்டுப் பட்டியலில் கையெழுத்துப் போட்டார். மூன்றாவது, கலைமணி. அவள் அதை நின்று பார்த்தாள். தாளை நாலாகக் கிழித்துப் பைக்குள் திணித்துக்கொண்டாள்.

"நான் லாரியிலயே வந்துர்றேன்" என்றார் அத்தா.

"கார்ல ஏறுங்க."

புதுச்சத்திரம் தாண்டியதும் அவர் மெல்லத் தொண்டையைச் செருமினார். "அடுத்த வருஷம் நான் பக்கத்துலயே வர மாட்டேன்."

"அடுத்த வருஷம் இல்லத்தா. இந்தப் பிரிவுல மூணு வருஷம்தான். இன்னிக்கோட முடிஞ்சுது."

"எங்கிட்ட சொல்லவேயில்லியே."

"கேட்டீங்களா?"

"இல்ல."

முன்னால் போன ஏதோ ஒரு லாரி, அவள் அடித்த ஹாரனுக்கு ஒதுங்கி வழிவிட்டது. ஆனாலும் ராசிபுரம் பிரிவு ரோடு வரும்வரை கௌசியா ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை.