பக்கத்து மாடியில் ஒரு ஏர்கன்

போன வருடம் மழை விட்ட சமயத்தில் நடந்தது இது. மட்டாஞ்சேரியில் எங்கள் மாடிக்கும் பக்கத்து வீட்டு மாடிக்கும் நடுவில் இடுப்பளவு சுவர் மட்டும்தான். என் வீட்டுக்காரருக்குப் புறாப் பைத்தியம். போட்டிக்குப் புறா விடும் கூட்டத்தில் அவரும் ஒருவர். குழம்பில் உப்பு இல்லையென்றாலும் கண்டுகொள்ளாத மனுஷன், புறாவுக்கு ஒரு இறகு உதிர்ந்தால் சோறு இறங்காமல் உட்கார்ந்திருப்பார்.

பக்கத்து வீட்டு மலையாளிச் சேட்டனோடு இவருக்குப் பேச்சு நின்று பல மாதமாகியிருந்தது. காயப்போட்ட துணியில் எச்சம் விழுந்ததில் வந்த சண்டை. அந்த நேரம் பார்த்துச் சேட்டன் ஒரு ஏர்கன் வாங்கி வந்தார். ஞாயிற்றுக்கிழமையானால் வராந்தாவில் அதைப் பிரித்துப் போட்டு, ஸ்பிரிங்கைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருப்பார். பிறகு மாடியில் ‘டணார்’ என்று சத்தம். எட்டிப் பார்த்தால், சுவரோரம் சாய்த்து வைத்த தகரத்தில் ஓட்டை.

“பவர் கூட்டறான்டி. தகரத்தையே துளைக்குது, நம்ம புறா எம்மாத்திரம்?” என்றார் இவர்.

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அந்த வாரமே இரண்டு புறாக்கள் கூடு திரும்பவில்லை. அதன்பின் சேட்டன் தும்மினால்கூட எங்களுக்குச் சந்தேகம்தான். போன இரண்டில் ஒன்று, குஞ்சு பொரித்திருந்த வெள்ளைப் பெட்டையின் ஜோடி. இனி குஞ்சுகளுக்கு அவள் ஒருத்திதான்.

ஒருநாள் காலை கூட்டைத் திறந்தபோது அவளும் மற்றவற்றோடு கிளம்பிவிட்டாள். கூப்பிட்டால் மொத்தக் கூட்டமும் இறங்கிவிடும், போட்டிக்காக நெடுநேரம் பறக்கும் பழக்கம் கெட்டுவிடும் என்று இவர் கூப்பிடவில்லை. அவள் தாழ இறங்கும் நேரம், சேட்டன் துப்பாக்கியோடு மாடிக்கு ஓடி வந்தார். இவர் ஒரே தாவாகச் சுவரைத் தாண்டி அவர் கையைப் பிடித்து முறுக்கினார்.

“விடு! பருந்து, பருந்து!” என்று கத்தினார் சேட்டன்.

நான் நிமிர்ந்து பார்ப்பதற்குள் பருந்து அவளைக் கவ்விக்கொண்டு போய்விட்டது. சில வெள்ளை இறகுகள்தான் எங்கள் மாடியில் வந்து விழுந்தன.

இவரோடுதான் பேச்சில்லையே. சேட்டன் என்னைப் பார்த்துச் சொன்னார்: “முதல்ல தகரம் ஓட்டையாகி குண்டு வெளிய போச்சு சேச்சி, எனக்கே பேடியாயி, பயந்துட்டேன். அதான் பவர் குறைச்சேன். தகரத்துல பட்டு சத்தம் மாத்திரம் வந்தா போதும், பருந்து பயந்து போவும். ஒரு வாட்டி ஓட்டியும் விட்டேன். துணியில எச்சம் விழுந்தா கோபம் வரும்தான். ஆனா சாயந்திரம் இதுங்க கரணம் போடறது காணாம எனக்குச் சாயா இறங்காது.”

அருகில் போய்ப் பார்த்தேன். புதிதாக வைத்த தகரத்தில் ஓட்டையே இல்லை, வெறும் நெளிசல்தான். நாங்கள் பழைய தகரத்தைப் பார்த்ததோடு சரி. இவர் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டார். சேட்டன் ஒரு வார்த்தை திட்டவில்லை. “குஞ்சுங்களுக்கு இனி யாரு தீனி கொடுக்கும்?” என்று மட்டும் கேட்டார்.

பயறு ஊறவைத்து மசித்து ஊட்டினோம். ஒரு குஞ்சுதான் பிழைத்தது. அன்று சேட்டன் நாலு வார்த்தை திட்டியிருந்தால் எங்கள் மனது ஆறியிருக்கும். இன்றும் பக்கத்து வீட்டில் ஏதாவது சத்தம் கேட்டால் சுவரோரம் போய் “என்ன சேட்டா?” என்று முதலில் கேட்டுவிடுகிறேன், சந்தேகப்படுவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.