இஜேலேக்குக் கண்ணான குழல்

எங்கள் ஊரில் பெரிய கிழங்குக் கொட்டகை என்னுடையது. அப்பா விட்டுப்போனது ஒரு மண்வெட்டி. மீதியெல்லாம் பள்ளிக்கூடம் அதிகம் காணாத இந்தக் கைகள் சேர்த்தவை. லேசில் யாரையும் புகழ்பவனல்ல நான். குழல்காரன் அனேக்வே மட்டும் விதிவிலக்கு.

இறந்துபோன பெரியவர் உடேஸேயை முறைப்படி வழியனுப்ப அந்த வறண்ட பருவத்தில் இஜேலே இறங்கியது. முகமூடி ஆவிகளுக்கெல்லாம் ராஜா. கூரையைவிட உயரம்; உடம்பெல்லாம் துணிப் பொம்மைகள், கண்ணாடிகள். வந்திருப்பது முன்னோர், உள்ளே யார் என்று எவரும் வாய் திறக்கக் கூடாது. இஜேலேக்கு வழி தெரியாது, குழல்தான் கண். சரிந்து விழுந்தால் உடேஸேக்கு முன்னோர் உலகில் இடமில்லை.

அன்று காலைதான் அனேக்வே, சுட்ட கிழங்கைச் செம்பனை எண்ணெயில் தோய்த்து, ஆறுவதற்குள் கடித்து, உதட்டைக் கொப்பளமாக்கிக்கொண்டான்!

"அந்தக் கிழங்கு எங்க ஓடிடப் போவுது? நல்ல நாளும் அதுவுமா!" என்று அவன் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

உடேஸேயின் மகன் பொரிந்தான்: "அண்ணே, எங்கப்பாவ அனுப்ப வந்தீங்களா, உதட்டக் காட்ட வந்தீங்களா?"

"வாய் எரியுது, தம்பி. காது கேக்குது. நீ ஒதுங்கு."

மேளம் அதிர, இஜேலே மைதானத்தில் சுழன்றது. திடீரென்று தூசிக்காற்று! உச்சி சாய்ந்தது. குழல் ஓசை நின்றுபோனது. அனேக்வே குழலை வாய் ஓரத்துக்குத் தள்ளி, கொப்பளம் உடைய ஊதினான். எங்கள் ஊர்க் குழல் பேசும். அது சொன்னது எல்லோருக்கும் புரிந்தது:

"தகப்பா, இடது காலை ஊணு! காத்த முதுகுல வாங்கு! நில்லு, நில்லு!"

நின்றது! நிமிர்ந்து, திரும்பி, காற்றையே ஏமாற்றி ஆடியது! பெண்கள் குலவையிட்டார்கள், வெடி முழங்கியது, உடேஸேயின் மகன் அனேக்வேயைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான்.

மாலையில் என் மனைவி உகோயே கேட்டாள்: "ஊரே திரண்டு நின்னுச்சு, உங்களக் காணோமே?"

"தோட்டத்துக்குப் போயிருந்தேன்."

"கழுத்து ஏன் இப்படி வீங்கியிருக்கு?"

"கிழங்கு சுமந்தேன்."

பக்கத்திலிருந்த அனேக்வே சிரித்தான். உதடு வலித்து உடனே முனகினான்.

எதையும் சொல்லிப் பெருமையடிக்கும் நான், அன்று எங்கிருந்தேன் என்பதை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் ஒவ்வொரு புதுக்கிழங்குத் திருநாளிலும் என் கொட்டகையின் மிகப்பெரிய கிழங்கு அவன் வீட்டுக்குப் போகும். நானே சுமந்துபோய்க் கொடுப்பேன்.

"ஆற வச்சுத் தின்னுடா, பேராசக்காரா!"