காட்டுமாடு சாட்சியாக ஒரு காதுகுத்து

நகைக்கடைகளில் எனக்குக் கம்மல் மாட்டிவிடும் பெண்கள் எல்லோரும் ஒரே இடத்தில் திகைத்து நிற்பார்கள். வலது காதில் துளை இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது; அது கோயிலில் வைத்து, ஒன்றுவிட்ட மாமா ஒருவரின் மடியில், முறைப்படி குத்தியது. இடது காதில் மட்டும் மடலின் ஓரத்துக்கு ஒதுங்கி, நெரிசலான பஸ்ஸில் படிக்கட்டில் தொங்குகிறவனைப் போல இருக்கும். “இது எந்த ஆசாரி குத்துனதுங்க?” என்று கேட்பார்கள். குத்தியவர் என் சொந்தத் தாய்மாமா, இடம் பேரிஜம் ஏரிக்கும் அப்பால் ஒரு மலையோடை, சாட்சி ஒரு காட்டுமாடு என்று உள்ளதைச் சொன்னால் மேனேஜரைக் கூப்பிட்டுவிடுவார்கள். ஆகவே சிரித்து வைப்பேன்.

எனக்கு ஏழு வயதாகியும் காது குத்தவில்லை. பூண்டு விளையும் எங்கள் மேல்மலை ஊரில் காளைக்கன்றுக்குக்கூட அதற்குள் மூக்குக் குத்திவிடுவார்கள். தாய்மாமன் சீரோடு வந்து, அவன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். என் மாமாவிடம் மடி இருந்தது, சீருக்கு வழியில்லை. எந்த வேலையிலும் நிலைக்காதவர். தம்பி ஓரிடத்தில் உட்காரட்டும் என்று அம்மா தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள். “மதினி, ஒங்க தம்பிக்கு ஒரு சோலி அமையிறதுக்குள்ள இவளுக்குப் பேத்தி பொறந்துரும். ரெண்டு பேருக்கும் சேர்த்துக் குத்திக்கிடலாம்” என்பாள் அத்தை. எங்கள் பக்கம் வேலைக்கும் சோலிதான், வம்புக்கும் சோலிதான். ஒரு காரியம் நல்லபடி முடிந்தாலும் சோலி முடிந்தது. ஒருவர் மண்டையைப் போட்டாலும் சோலி முடிந்தது. பிள்ளைகள் எதை எடுத்துக்கொள்வது என்பது பிள்ளைகள் பாடு.

கடைசியில் மாமாவுக்கு ஒரு சோலி அமைந்தது. வட்டக்கானலில் ஒரு விடுதி. முதுகில் பெரிய பையைக் கட்டிக்கொண்டு மலைமேல் நடந்து, கூடாரம் போட்டு, டிரவுட் மீன் பிடிக்க வருகிறவர்களுக்கு வழிகாட்டுவது. ஆனால் நிரந்தரமில்லை. அடுத்த வாரம் வரும் விருந்தாளிகளுக்கு முன்னால் தூண்டில் வீசிக் காட்டினால்தான் வேலை உறுதி என்று முதலாளி சொல்லியிருந்தார். எதை வைத்துப் பழகுவது என்று சொல்லவில்லை. அவருடைய சீமைத் தூண்டில் வரவேற்பறைச் சுவரில் சாமி படத்துக்கு அடுத்த மரியாதையோடு தொங்கியது. அதன் தடித்த பச்சை நூல் இந்த நாட்டில் எங்கும் கிடைக்காதாம். அதைத் தொட்டால் வேலை காலி என்று மாமாவிடம் தனியாகவே சொல்லியிருந்தார். முதலாளி மதுரைக்குப் போன அன்று மாமா அதைத் தொட்டார்.

அம்மா என்னையும் கூட அனுப்பினாள், காவலுக்கு. மாமா தனியாகப் போனால் வழியில் ஏதாவது கடையில் உட்கார்ந்துவிடுவார். பிள்ளை கூட இருந்தால் வீடு வந்து சேருவார் என்று அவளுக்கு நம்பிக்கை. வனத்துறையிடம் கேட்டுக்கொண்டுதான் போகிறோமா என்று விசாரிக்கிற வயது எனக்கில்லை. மாமாவுக்கு இருந்தது, அவரும் விசாரிக்கவில்லை.

பகலெல்லாம் ஏறி, புல்மேட்டில் கூடாரம் போட்டுத் தூங்கி, மறுநாள் வெள்ளனே ஓடைக்கு இறங்கினோம். பச்சை நூலின் நுனியில் மெல்லிய நைலான், அதன் நுனியில் ஒரு முள், முள்ளில் சுற்றிக் கட்டிய சேவல் கழுத்து ரோமம். மீன் அதைப் பூச்சி என்று நம்பிக் கடிக்க வேண்டும் என்பதால் அதற்குப் பெயர் ஈ. எங்கள் வீட்டுக் குழம்பில் விழும் ஈக்கள் இதைவிடத் தோற்றத்தில் கவனம் செலுத்துபவை. மாமா முழங்கால் தண்ணீரில் நின்று நூலைத் தலைக்கு மேல் முன்னும் பின்னும் வீசினார். என்னைத் தள்ளி ஒரு பாறைமேல் உட்கார வைத்திருந்தார். கொஞ்ச நேரத்தில் நூல் அவர் சொன்னபடி கேட்க ஆரம்பித்தது. “பாத்தியா தாயி, இனி ஒன் காதுகுத்த எவன் தடுக்கிறான்னு பாப்போம்” என்றார்.

காற்று தடுத்தது. திடீரென்று திசை மாறி, மூடுபனியைக் கொண்டுவந்து கொட்டியது. பின்னால் போன நூல் பக்கவாட்டில் பறந்து, ஈ என் இடது காதில் உட்கார்ந்தது. வலியைவிட ஆச்சரியம்தான் முதலில் வந்தது. அலறுவதற்கு வாயைத் திறந்தவள் மாமாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

சோலைக்குள்ளிருந்து காட்டுமாடு ஒன்று இறங்கி வந்து எங்கள் இருவருக்கும் நடுவில் நின்றது. பனிக்குள் அது முதலில் ஒரு பாறையாக இருந்தது. பிறகு மூச்சு விட்டது. மாமாவின் கையிலிருந்து என் காதுக்குப் போன நூல் அதன் முன்னங்காலை ஒட்டிக் கிடந்தது. மாமா உள்ளங்கையை மெல்லத் தாழ்த்திக் காட்டினார். வாயை மூடிக்கொண்டேன்.

மாடு ஓரடி வைத்தது. நூல் இறுகியது. அது எந்தப் பக்கம் சாய்கிறது, எந்தக் காலை எடுக்கிறது என்பதெல்லாம் என் காதுக்குத் தெரிந்துகொண்டிருந்தது. மாமா நூலைத் தளர்த்தப் பார்த்தார். தூண்டில் சக்கரம் ‘கிர்ர்’ என்றது. மாடு தலையைத் தூக்கி அவர் பக்கம் திரும்பியது. அவர் கை அப்படியே நின்றது. மறுபடி தலையைத் தாழ்த்தி இன்னோர் அடி வைத்தது. நான் பாறையின் நுனிவரை நகர்ந்துவிட்டேன். இனி நகர இடமில்லை. சூடாக ஏதோ கழுத்தில் இறங்கியது.

மாமா இடுப்பிலிருந்து கத்தியை எடுத்தார். எடுத்துவிட்டு, அந்தப் பச்சை நூலை ஒருமுறை பார்த்தார். பார்த்த அந்தக் கொஞ்ச நேரத்துக்காக எனக்கு அவர்மேல் வெகுநாள் கோபம் இருந்தது. பிறகு அதைத் தூண்டில் சக்கரத்தை ஒட்டி அறுத்தார்.

காது விடுதலையானது. மாமா என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டினார். இந்த நேரத்தில் என்ன சிரிப்பு என்று நினைத்து, மரியாதைக்கு நானும் காட்டினேன். அவர் பற்களை நறநறவென்று அசைத்த பிறகே புரிந்தது. காதோரம் தளர்ந்து கிடந்த நைலானை வாய்க்குள் இழுத்துக் கடித்துத் துண்டாக்கினேன். மாடு ஆற அமரத் தண்ணீர் குடித்தது. பிறகு, இந்த நாட்டில் எங்கும் கிடைக்காத நூலைக் காலில் கொலுசாகச் சுற்றிக்கொண்டு சோலைக்குள் ஏறிப் போய்விட்டது.

மாமா ஓடிவந்து என்னை மடியில் தூக்கி வைத்துக்கொண்டார். முள்ளைப் பின்னால் இழுத்தால் சதை கிழியும். முன்பக்கமாகத் தள்ளி நுனியை வெளியே எடுத்து, குறடால் அதை நறுக்கிவிட்டு உருவினார். இப்போது நான் அலறினேன். சேர்த்து வைத்திருந்ததையும் அலறினேன். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. “சோலி முடிஞ்சுது தாயி” என்றார். சொல்லிவிட்டு என் காதைத் துடைத்தார்.

இறங்கும் வழியெல்லாம் நான்தான் பேசினேன். மாமன் மடியில் காது குத்தியாகிவிட்ட ஒருத்திக்குச் சொல்ல நிறைய இருக்கும்.

வீட்டு வாசலில் அம்மாவும் அத்தையும் பூண்டின் காய்ந்த தாளைக் கிள்ளிக்கொண்டிருந்தார்கள். காதைப் பார்த்து அத்தை பதறி எழுந்தாள். நான் தெருவுக்கே கேட்கும்படி அறிவித்தேன். “காது குத்தியாச்சு. சோலி முடிஞ்சுதுன்னு மாமாவே சொல்லிட்டாரு.”

அத்தை சிரித்துவிட்டாள். அம்மா சிரிக்கவில்லை. கையிலிருந்த பூண்டைக் கீழே வைத்தாள். வாசலுக்கு வெளியிலேயே நின்ற தம்பியையும், அவர் கையில் நூலில்லாமல் மொட்டைக் கம்பாக இருந்த தூண்டிலையும் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. காது இந்தப் பக்கம் இருக்கிறது என்று, அவள் முகத்துக்கு நேராகத் தலையைத் திருப்பிக் காட்டினேன்.