நான் சொல்லாமல் விட்ட ஊசி

காலையில் கண் விழித்து, கட்டிலின் ஓரத்தில் எழுந்து உட்கார எனக்கு இருபது நிமிஷம் ஆகும். பிறகு அம்மா வந்து காலுறை மாட்டிவிடுவார். அப்போது எனக்கு வயது இருபத்தாறு. கோல சிலாங்கூரில் ஒரு டியூஷன் சென்டரில் கணக்கு சொல்லிக் கொடுக்கிறேன். சபையில் வாலிபர் கூட்டம் நடத்துகிறேன். எதையும் ஓடிப்போய்ச் செய்துதான் பழக்கம். அப்படிப்பட்டவன், கையிலிருந்து பேனா விழுந்தால் யாராவது எடுத்துத் தரட்டும் என்று நின்றுகொண்டிருந்தேன்.

பந்து விளையாடியதில் பிசகிவிட்டது என்றார்கள். எண்ணெய் போட்டு உருவினார்கள். வலி மாத்திரை தின்றேன். இரண்டு வருஷம் இப்படியே போனது. கடைசியில் அரசாங்க ஆஸ்பத்திரியில் மூட்டு டாக்டர் ஸ்கேன் பார்த்தார். உன் உடம்பின் எதிர்ப்பு சக்தியே உன் முதுகெலும்பைத் தாக்குகிறது, இப்படியே விட்டால் எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் என்றார். மாத்திரைக்கு அது அடங்கவில்லை. பயோலஜிக் ஊசி போடலாம், உயிருள்ள செல்களில் வளர்த்து எடுக்கிற மருந்து, இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை வீட்டில் நீயே போட்டுக்கொள்ளலாம் என்று விளக்கினார்.

பயந்துவிட்டேன். படித்தவன் என்பதால் இன்னும் அதிகமாகப் பயந்தேன். உள்ளே தூங்கிக்கொண்டிருக்கிற காசநோயை இந்த ஊசி எழுப்பிவிடலாம் என்று ஒரு பக்கத்தில் வாசித்தேன். அதனால்தான் முதலிலேயே எக்ஸ்ரேயும் ரத்தப் பரிசோதனையும் எடுக்கிறார்கள் என்று அடுத்த வரியில் இருந்தது. அந்த அடுத்த வரி மனதில் நிற்கவில்லை. மாமா ஒருவர் வேறு, இந்த வயதில் தொடங்கினால் சாகிற வரைக்கும் ஊசிதான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த மாதம் சபையில் இருபத்தொரு நாள் உபவாச ஜெபம். டாக்டரின் அனுமதியோடு மதியம் வரை உபவாசம் இருந்தேன். "ஆண்டவரே, ஒரே ஒரு தடவை என்னை முழங்கால் போட விடும்" என்றுதான் கேட்டேன். அதே வாரம் முதல் ஊசியையும் போட்டுக்கொண்டேன். அம்மாவைத் தவிர யாருக்கும் தெரியாது. ஊசிப் பெட்டியைப் பழைய ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டு, ஃபிரிட்ஜில் சம்பல் பாட்டிலுக்குப் பின்னால் தள்ளி வைத்திருந்தோம்.

கடைசி நாள் முழங்கால் போட்டேன். யாரும் தூக்கிவிடாமல் எழுந்தேன்.

அந்த ஞாயிறு சாட்சி சொன்னேன். காலுறை கதையைச் சொன்னேன். சபையில் பலர் அழுதார்கள், நானும் அழுதேன். ஊசியைப் பற்றிச் சொல்ல வேண்டிய இடம் வந்தது. அந்தக் கண்ணீருக்கு நடுவில் ஊசி என்ற வார்த்தை சின்னதாகத் தெரிந்தது. விட்டுவிட்டேன். பொய் ஒன்றும் சொல்லவில்லையே என்று நினைத்துக்கொண்டேன். நான் பேசியதை யாரோ போனில் பிடித்து அனுப்பி, அது பத்தாங் காலி, உலு யாம் வரைக்கும் போய்விட்டது.

அதற்குப் பிறகு ஊசி போடுவதே திருட்டு வேலை மாதிரி ஆகிவிட்டது. கர்த்தர் குணமாக்கினார் என்று சொன்னவன் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு தொடையில் ஊசி குத்துகிறானே என்று உறுத்தியது. ஒரு வாரம் தள்ளிப் போட்டேன், வலிக்கவில்லை. மாதக் கணக்கில் தள்ளினேன். பிறகு ஒரேயடியாக நிறுத்திவிட்டேன். டாக்டரிடம் கேட்கவில்லை. அதை விசுவாசம் என்று நினைத்தேன். உண்மையில் அது கூச்சம்.

வலி திரும்பி வந்தது. ஆராதனையில் உட்கார்ந்தபடியே கிட்டார் வாசித்தேன். கேட்டவர்களிடம் கார் சீட் சரியில்லை என்றேன். அந்த மாதங்களில் நான் எவ்வளவு களைத்துப்போனேன் என்று எழுதத் தெரியவில்லை. வலியோடு இருப்பது ஒரு வேலை என்றால், வலியில்லாதவன் மாதிரி இருப்பது இன்னொரு வேலை.

இந்த நிலையில்தான் பாசிர் பெனம்பாங்கில் எங்கள் சபை ரெஜினா அக்கா வீட்டில் ஜெபக் கூட்டம் நடந்தது. அக்கா அங்கே கடல் உணவுக் கடையில் இறால் உரிக்கிறவர். அவருக்கும் மூட்டழற்சிதான், ஆனால் கையில். விரல்கள் ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கியிருந்தன. ரொம்ப நாள் காத்திருந்து இதே வகை ஊசி அவருக்கும் கிடைத்திருந்தது. வியாழக்கிழமை போய்த் தொடங்க வேண்டும். கூட்டம் முடிந்து தேநீர் குடிக்கும்போது அவர் என்னிடம் சொன்னார்:

"ஒனக்கு ஊசி இல்லாமலே கர்த்தர் செஞ்சாரு தம்பி. எனக்கு மட்டும் செய்யமாட்டாரா? போன் போட்டு வேணாம்னு சொல்லிடப் போறேன் லா."

ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து ஜெபித்தேன். "என் வாயால் அவர் கை கெட்டுப்போக விடாதேயும்" என்று கேட்டேன். கூடவே, என்னை மாட்டிவிடாமல் வேறு வழியில் அவர் மனதை மாற்றும் என்றும் கேட்டேன். ஒரு சொப்பனம் போதும் ஆண்டவரே என்றேன். மூன்று நாள் இதே ஜெபம். சொப்பனம் யாருக்கும் வரவில்லை.

செவ்வாய் மத்தியானம் கடைக்கே போனேன். அக்கா பின்பக்கம் வாளிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரிக்குச் சொல்லிவிட்டீர்களா என்று கேட்டேன்.

"எங்கப்பா. சனிக்கிழமைலருந்து அடிக்கிறேன், ஒருத்தரும் எடுக்கல. இன்னிக்கு மட்டும் ஆறு தடவ."

நான் முழங்கால் போட முடியாமல், நாற்காலியில் உட்கார்ந்து ஜெபித்த அதே நாட்கள். அந்த வாளிகளுக்கு நடுவிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஊசி போட்டது, மறைத்தது, நிறுத்தியது, இப்போது நிமிர்ந்து நிற்கக்கூட முடியாமல் இருப்பது.

அக்கா கையிலிருந்த இறாலை வாளியில் போட்டார்.

"அப்ப சபையில அழுதது?"

"அது நெசம்க்கா."

"ஊசிய மட்டும் முழுங்கிட்ட."

நான் தலையாட்டினேன்.

"நீ முழுங்குன ஊசி என் கையில குத்தியிருக்குமேடா. ஒன்ன நம்பி நான் மாசக் கணக்கா எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரியறேன்." குரல் உயரவில்லை. கையுறையைக் கழற்ற வராமல் பல்லால் இழுத்துக் கழற்றினார். "வியாழக்கெழம நீயும் வர்ற. நீ போடாம நான் போடமாட்டேன்."

வியாழக்கிழமை ஒரே காரில் போனோம். வழியெல்லாம் அவர் என்னோடு பேசவில்லை. டாக்டர் திட்டவில்லை, அவரும் களைத்திருந்தார். நிறைய பேர் உன்னை மாதிரிதான், நன்றாக இருக்கிறது என்று நிறுத்திவிடுகிறார்கள், நன்றாக இருந்ததே அந்த மருந்தால்தான் என்றார். இடையில் விட்டதால் மறுபடியும் அதே அளவுக்கு வேலை செய்யும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, போட்டுப் பார்ப்போம் என்றார். பக்கத்து அறையில் நர்ஸ் மிஸ்ஸி, ரெஜினா அக்காவுக்கு ஊசி போடச் சொல்லிக் கொடுக்கும் சத்தம் கேட்டது. என் தப்பையும் மீறி அந்த இடம் அவருக்காகக் காலியாகவே இருந்தது. அதற்குக் காரணம், ஆஸ்பத்திரியில் எல்லோரும் கேட்டு அலுத்துப்போன, எடுக்கப்படாத ஒரு போன் மணி. என் ஜெபத்துக்கு ஆண்டவர் தந்த பதில் அதுதான் என்று நான் நம்புகிறேன்.

முதல் ஊசியில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவதிலும் இல்லை. வேண்டியதுதான் எனக்கு என்று கசந்துபோய் இருந்தேன். நான்காவதுக்குப் பிறகு ஒரு காலை சென்டர் மாடிப்படியில் கைப்பிடியைத் தொடாமல் ஏறினேன். முன்பு போல முழுசாக இல்லை, முக்கால்வாசி. ஊசி எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் என்பதால், இப்போது காய்ச்சல் வந்தாலும் புண் வந்தாலும் முதலில் கிளினிக்குக்குச் சொல்கிறேன். அக்காவின் சாய்ந்த விரல்கள் சாய்ந்தபடிதான் இருக்கின்றன. வீக்கம் வடிந்திருக்கிறது. போன திருவிருந்து ஞாயிறு அவர் கிண்ணத்தை ஒரு கையால் பிடித்தார். சிந்தவில்லை. திரும்பி என்னைப் பார்த்தார், சிரிக்கவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். அதற்கே எனக்கு அழுகை வந்துவிட்டது.

என் முதல் சாட்சியை யாருக்காவது அனுப்பியிருந்தால் இதையும் அவர்களுக்கே அனுப்புங்கள். அதைக் கேட்டு மருந்தை நிறுத்தியவர்கள் இருந்தால் என்னை மன்னியுங்கள். தயவுசெய்து உங்கள் டாக்டரைப் போய்ப் பாருங்கள். இயேசுவை நம்புங்கள், எனக்கு இன்னும் அவர்தான் எல்லாம். களைத்துப்போனால் களைத்துப்போனேன் என்றே அவரிடம் சொல்லுங்கள். இன்றைக்கு எனக்கும் அக்காவுக்கும் ஊசி நாள். ஆராதனை முடிந்ததும் அவர் வீட்டில் ஜெபித்துவிட்டுப் போட்டுக்கொள்வோம். கதவு திறந்துதான் இருக்கும். உங்கள் ஊசியையும் ஐஸ்பையில் எடுத்துக்கொண்டு வாருங்கள்.