சாயம் வெளுக்கும்வரை

கான்ஃபோகல் அறைக்கு ஜன்னல் கிடையாது. வருஷக்கணக்கில் அந்த இருட்டிலேயே குப்பை கொட்டிய மனுஷனுக்கு ஆராய்ச்சி மாணவர்கள் ‘ஆந்தை அண்ணன்’ என்று பெயர் வைத்ததில் என்ன தப்பு?

செல்களை அடுக்கடுக்காகப் படமெடுக்கும் கான்ஃபோகல் என்ற லேசர் மைக்ரோஸ்கோப் அவர் பொறுப்பு. லேசர் பட்டால் சாயமேற்றிய செல்கள் பச்சையாக ஒளிரும். பட்டுக்கொண்டே இருந்தால் சாயம் வெளுத்துவிடும், வெளுத்தது வெளுத்ததுதான். அதனால் யாராவது திரையைப் பார்த்து வாயைப் பிளந்தால் அண்ணனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். “முதல்ல படத்தை எடு. அழகு பாக்கறதெல்லாம் அப்புறம்” என்று வறுத்தெடுத்துவிடுவார்.

வீட்டில் அவரும் தம்பியும்தான். இரண்டு பேருக்குமே கல்யாணம் கூடிவரவில்லை. பாத்திரம் யார் கழுவுவது என்று தினமும் சண்டை. தம்பிக்கு ஈரலில் புற்றுநோய் வந்தது. ஆபரேஷனில் வெட்டியெடுத்ததை ஆராய்ச்சிக்கே கொடுக்கச் சம்மதித்தான். “என்னாலயும் உன் ஆபீஸ்ல ஒரு வேலை நடக்கட்டும்” என்று கேலி வேறு. போன மாதம் போய்ச் சேர்ந்துவிட்டான். சண்டை போடக்கூட ஆளில்லாத வீட்டில் தனிமை அண்ணனைப் பிடுங்கித் தின்றது.

ஒரு நாள் காலையில் மாணவி ஒருத்தி கண்ணாடித் தகடோடு வந்தாள்.

“அண்ணா, இது உங்க தம்பியோடது. மத்ததெல்லாம் வீணாயிடுச்சு, மிஞ்சினது இந்த ஒரு துண்டுதான். இந்தப் படம் இல்லன்னா என் ஆராய்ச்சியே அந்தரத்துல நிக்கும். நீங்க எடுப்பீங்களா, இல்ல வேற ஆளைக் கேக்கட்டுமா?”

“நானே எடுக்கறேன். நீ போய்ச் சாப்பிட்டுட்டு வா.”

கதவைச் சாத்திக்கொண்டார். நகத்தளவுகூட இல்லாத துண்டு. திரையில் பச்சை வந்தது. படத்தை எடு என்றது புத்தி, கை கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம், அந்த ஓரம் வரைக்கும் என்று லேசரை நிறுத்தாமலே துண்டு முழுக்கச் சுற்றி வந்தார். ஒரு கட்டத்தில் எல்லாம் மங்கலாகத் தெரிந்தது. கண்ணீர்தான் மறைக்கிறது என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்படியும் தெளியாததால் லேசரை இன்னும் கூட்டினார்.

மாணவி திரும்பி வந்தபோது திரை கறுத்துக் கிடந்தது. குனிந்து உற்றுப் பார்த்தாள்.

“வேற மூலையில பாக்கலாமேண்ணா?”

“எல்லா மூலையும் பார்த்துட்டேம்மா.”

“ஒரு படமாவது எடுத்தீங்களா?”

இல்லை என்று தலையசைத்தார்.

அவள் பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தாள். “எனக்கு இருந்ததே அந்த ஒண்ணுதாண்ணா.”

“எனக்கும் அவன் ஒருத்தன்தாம்மா இருந்தான்.”