ரவுட்டருக்கு ஒரு சட்டை

என் நாத்தனார், அதாவது என் வீட்டுக்காரரின் அக்கா, கண்ணில் பட்டதற்கெல்லாம் உறை தைப்பவர். மிக்ஸிக்கு உறை, ரிமோட்டுக்கு உறை, தையல் மெஷினுக்கு உறை, அந்த உறை அழுக்காகாமலிருக்க அதற்கு மேல் இன்னொரு உறை. தெருவில் அவர் பெயரே 'உறையக்கா'. நான் மட்டும் அண்ணி என்பேன்.

அண்ணிக்குக் கூச்சம் அதிகம். தைக்கச் சொன்னால் கை பறக்கும். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அப்படிப்பட்டவர் ஆன்லைனில் தையல் வகுப்பு எடுக்கச் சம்மதித்ததே பெரிய விஷயம்.

"முதல் வகுப்பு சொதப்புச்சுன்னா அந்தப் பக்கமே தலைவச்சுப் படுக்க மாட்டேன்" என்று முன்பே சொல்லிவிட்டார். சொன்னால் செய்கிற ஆள்.

அவர் இருப்பது கீழ்வீடு. அங்கே போனில் ஒரு கோடுகூட சிக்னல் வராது. இணைய இணைப்பு மாடியில் எங்கள் வீட்டில்தான். "ஒரே இணைப்பை ரெண்டு வீட்டுக்கும் பிரிச்சுக்கலாம் அண்ணி, நான் பாத்துக்கறேன்" என்று வாயை விட்டேன். வீட்டுக்காரர் ஏணியைப் பிடிக்க, எங்கள் ரவுட்டரிலிருந்து ஒரு கேபிளை மாடிப்படி ஓரமாக இறக்கி, அண்ணியின் தையல் அறை அலமாரியில் வைத்த இன்னொரு ரவுட்டரில் செருகி, பாஸ்வேர்டும் போட்டேன். அண்ணியின் போனில் வீடியோ ஜோராக ஓடியது. எனக்குத் தலைக்கனம் ஏறியது உண்மை.

மறுநாள் காலை, வகுப்புக்குக் கொஞ்சம் முன்னால், கீழிருந்து குரல். "அடியே! இங்க ஒண்ணுமே வரலடி!"

மாடி ரவுட்டரில் எல்லா விளக்கும் ஒழுங்காக எரிந்தன. கேபிளைப் பிடுங்கிச் செருகினேன். ரவுட்டரில் வேறு துளைக்கு மாற்றிச் செருகினேன். "ஏங்க, படியைப் பெருக்கும்போது வயரை இழுத்தீங்களா?" என்று வீட்டுக்காரர் மேல் பாய்ந்தேன்.

"நான் என்னைக்குப் பெருக்கினேன்?" என்றார், வாக்குமூலம் கொடுக்கிறோம் என்று தெரியாமலே. அந்தப் பஞ்சாயத்தைப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று கீழே ஓடினேன்.

அண்ணி இஸ்திரி கலையாத உடையில், போன் முன்னால் கண் கலங்கி உட்கார்ந்திருந்தார். "விடுடி. எனக்கு இதெல்லாம் ஒத்துவராது."

"சும்மா இருங்க அண்ணி!" அலமாரியைத் திறந்தேன். ரவுட்டரைக் காணோம். அந்த இடத்தில் பூப்போட்ட துணியில் குண்டாக ஒன்று. ரவுட்டரின் இரண்டு கொம்புகளுக்கும் தனித்தனிக் கை, வயர் நுழையக் காஜா எடுத்த ஓட்டை, பின்னால் ஜிப்.

"என்ன அண்ணி இது?"

"நேத்து நீ போனதும் தச்சேன்."

ஜிப்பைத் திறந்தேன். உள்பக்கம் முழுக்க, இஸ்திரி மேசைக்குப் போடுகிற வெள்ளிப்பூச்சுத் துணி பளபளத்தது. ரவுட்டரை வெளியே எடுத்தேன், போனில் இணையம் வந்தது. உள்ளே வைத்து ஜிப்பை மூடினேன், போயே போனது. மறுபடி வெளியே எடுத்து வைத்தேன்.

"இந்த வெள்ளித்துணியைத் தாண்டி சிக்னல் எப்படி வரும்? யாராவது ரவுட்டருக்குச் சட்டை போடுவாங்களா?" என்று கத்திவிட்டேன்.

"நீ முட்டிவலியோட ஏணி ஏறி வச்சது. தூசு பட்டு கெட்டுடக் கூடாதேன்னுதான்..." என்றார் அண்ணி.

பாவமாக இருந்தது, சிரிப்பும் பொத்துக்கொண்டு வந்தது. சிரித்தேன். அண்ணியும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். சட்டை கழற்றிய ரவுட்டர் இதற்குள் தன் வேலையைப் பார்த்துவிட்டது. நிமிர்ந்தால், போன் திரை முழுக்க வகுப்புக்குக் காத்திருந்தவர்களின் முகங்கள்.

"ஏன் டீச்சர் சிரிக்கிறீங்க?" என்று ஒரு பெண் கேட்டாள்.

அண்ணி அந்தச் சட்டையைக் கேமரா முன் தூக்கிப் பிடித்தார். "இதனாலதான் லேட்டு" என்று தொடங்கி, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். கூச்சம் போன இடம் தெரியவில்லை. பேச்சோடு பேச்சாக வெள்ளித்துணியைப் பிரித்தெறிந்து, வலைத்துணி வைத்துத் தைத்தும் காட்டினார். அன்றைக்கு நடத்தவிருந்த தலையணை உறை அடுத்த வகுப்புக்குத் தள்ளிப்போனது.

"அடுத்த வகுப்பு எப்பன்னு எல்லாரும் கேக்கறாங்கடி!" வகுப்பு முடிந்ததும் அண்ணிக்கு முகம் கொள்ளாத சிரிப்பு. பிறகு மேலே பார்த்தார். "உன் மாடி ரவுட்டர் வெறும் உடம்போட நிக்குதே. போய் அளவெடுத்துட்டு வா."

இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டு படியேறினேன்.